‘மெட்டில்டா’ பெண்ணும் அல்ல, அந்தப் பாட்டு தேசிய கீதமும் அல்ல

“1901இல் ஆஸ்திரேலியா ஒரே நாடாக ஆனபோது, ‘வால்ட்ஸிங் மெட்டில்டா’ அதன் தேசிய கீதமானது, மெட்டில்டா என்ற பெண்ணோடு ஆடும் காதல் பாட்டு அது” என்று ஒரு செய்தி பகிரப்பட்டு வருகிறது. இரண்டுமே தவறு.

1901இல் அங்கே கீதமாக ஒலித்தது பிரிட்டிஷ் மன்னரை வாழ்த்தும் பாட்டு. 1977இல் மக்களிடம் வாக்கெடுப்பு நடந்தபோதும் மெட்டில்டாவுக்குக் கிடைத்தது சுமார் 28 சதவீதம்தான். சுமார் 43 சதவீதம் பெற்ற ‘அட்வான்ஸ் ஆஸ்திரேலியா ஃபேர்’ 1984இல் முறைப்படி தேசிய கீதமானது.

காதல் பாட்டு என்பதுதான் எனக்கு அதிகம் வலிக்கிறது. மெட்டில்டா என்பது வேலை தேடி ஊர் ஊராக நடந்த கூலியாள் முதுகில் சுமந்த போர்வை மூட்டை. பாட்டில் அந்தக் கூலியாள் பசிக்கு ஓர் ஆட்டைத் திருடிப் பிடிக்கிறான். பண்ணை முதலாளி குதிரையில் வருகிறான், பின்னாலேயே மூன்று காவலர்கள். பிடிபடுவதைவிடச் சாவதே மேல் என்று நீர்நிலையில் குதித்துவிடுகிறான். இதைக் காதல் பாட்டு என்றால் அந்த ஏழையின் சாவு மறைந்துபோகிறது.

ஆஸ்திரேலியக் கவிஞர் ‘பாஞ்சோ’ பேட்டர்சன் இதை எழுதியது 1895இல், குயின்ஸ்லாந்தின் ஓர் ஆட்டுப் பண்ணையில். மெட்டு, அந்தப் பண்ணைக் குடும்பத்துப் பெண் கிறிஸ்டினா மெக்ஃபெர்சன் நினைவிலிருந்து வாசித்துக் காட்டியது. இன்று பலரும் பாடும் வடிவமோ, 1903இல் ‘பில்லி டீ’ என்ற தேயிலையின் விளம்பரத்துக்காக மேரி கோவன் திருத்தியமைத்தது.