ரவுட்டர் பெட்டி வந்துவிட்டால் மாற்றம் முடிந்துவிட்டது என்று அர்த்தமில்லை

இங்கே பிரித்தானியாவில் பழைய லான்ட்லைன்களை இன்டர்நெட்டில் ஓடும் டிஜிட்டல் லைனாக மாற்றுகிறார்கள். அப்படி மாற்றிய ஒரு வீட்டில், விழுந்தால் அழுத்தி உதவி கூப்பிடுவதற்காக ஒரு அம்மம்மா கழுத்தில் போட்டிருந்த அலாரப் பட்டன் வேலை செய்யாமல் போனது. அதற்கு எங்கள் குழுவில் வந்த கருத்துகளைப் படித்து மனம் நொந்துவிட்டது. எந்த வீடு என்று எல்லோருக்கும் தெரியும், திரும்பச் சொல்லவில்லை. "வயசானவை புதுசைப் பழக மாட்டினம்", "ஒரு மொபைலை வாங்கிக் குடுக்கிறதுதானே" என்று எழுதியவர்களுக்குத்தான் இந்தப் பதிவு.

அவர் எதையும் பழக மறுக்கவில்லை. தபாலில் ரவுட்டர் வந்தது, கடிதத்தில் இருந்த திகதியில் லைன் மாறியது. பட்டனின் அழைப்பை லைனில் அனுப்பும் அலாரப் பெட்டி மட்டும் பழைய சுவர் போன் சொக்கெட்டிலேயே கிடந்தது. அந்தச் சொக்கெட் அன்றே செத்துவிட்டது, ஒருவரும் அவருக்குச் சொல்லவில்லை. விழுந்தபோது அழுத்தியிருக்கிறார். அழைப்பு எங்கேயும் போகவில்லை.

ரவுட்டர் வந்தால் மாற்றம் முடிந்துவிடாது. பட்டனை அழுத்தி, மறுமுனையில் ஒரு ஆள் கதைத்தால்தான் முடிந்தது.

பழைய செம்புக் கம்பிக்கு டெலிபோன் எக்ஸ்சேஞ்சிலிருந்தே ஏறத்தாழ 50 வோல்ட் வந்தது. அங்கே பேட்டரி இருந்ததால் வீட்டில் கரண்ட் போனாலும் வயர் போன் வேலை செய்தது. டிஜிட்டல் லைன் முழுக்க வீட்டுக் கரண்டில் ஓடுகிறது. ரவுட்டர் அணைந்தால் அவசர எண் 999 கூடப் போகாது. லான்ட்லைனை மட்டுமே நம்பியிருப்பவர்களுக்கு, கரண்ட் போனபின் குறைந்தது ஒரு மணி நேரம் அவசர அழைப்புக்கு போன் கம்பனிகள் வழி செய்ய வேண்டும் என்கிறது அவற்றைக் கண்காணிக்கும் அமைப்பான ஆஃப்கொம். ஒரு மணி நேரம்! 2021 நவம்பர் ஆர்வென் புயலில் ஆயிரக்கணக்கான வீடுகள் ஒரு வாரத்துக்கு மேல் இருட்டில் கிடந்தன. அதன்பிறகு 2022 மார்ச்சில் பெரிய போன் கம்பனியான பிடியே (BT) மாற்றத்தை நிறுத்தி வைத்தது. 2023 டிசம்பரில், அலாரங்கள் வேலை செய்யாமல் போன பிறகுதான் உதவி தேவைப்படுபவர்களைப் பாதுகாக்கும் உறுதிமொழியில் கம்பனிகள் அரசுடன் சேர்ந்து கையெழுத்திட்டன. ஒவ்வொரு முறையும் யாராவது பாதிக்கப்பட்ட பிறகுதான்.

"பழைய லைனை எத்தனை நாள் வைத்திருப்பது?" என்று கேட்பீர்கள். பழைய கருவிகளுக்கு உதிரிப்பாகம் கிடைப்பது கஷ்டம், 2027 ஜனவரியில் மூடப் போகிறார்கள். சரி, மூடட்டும். பிரச்சினை அதுவல்ல.

மொபைல் கொடு என்கிறீர்கள். குளியலறையில் ஈரக் கையோடு விழுந்து கிடக்கும் 84 வயதுக்காரர், மேசையில் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும் மொபைலை எப்படி எடுப்பார்? கழுத்தில் தொங்குவது அதற்காகத்தான்.

செய்ய வேண்டியது இதுதான். முதல் அழைப்பு போன் கம்பனிக்கு அல்ல, அலாரக் கம்பனிக்கு. டிஜிட்டல் லைனில் அந்த மாடல் ஓடுமா என்று கேளுங்கள். பழைய அலாரங்கள் லைனில் சத்தங்களை அனுப்பித்தான் பேசும், டிஜிட்டல் லைனில் அவை சிதைந்து போகலாம். சிம் போட்ட மாடல் தருவதென்றால் எந்த நெட்வொர்க்கில் ஓடும் என்று கேளுங்கள், பழைய மொபைல் நெட்வொர்க்கான 2ஜியும் 2033க்குள் மூடப்படும். பிறகு போன் கம்பனியிடம் "வீட்டில் அலாரம் இருக்கிறது" என்று சொல்லி, ஆள் வந்து பொருத்தச் சொல்லுங்கள். பேட்டரியும் கேளுங்கள். ஃபைபர் லைன் என்றால், ஃபைபர் கம்பி வந்து சேரும் சுவரிலிருக்கும் வெள்ளைப் பெட்டிக்கும் பேட்டரி வேண்டும், ரவுட்டருக்கு மட்டும் இருந்து பயனில்லை. கோட்லெஸ் போனின் அடிப்பகுதியும் கரண்ட் போனால் அணைந்துவிடும், ஒரு வயர் போன் வைத்திருங்கள். மேல்மாடிப் போன் சொக்கெட்டும் செத்துவிடும், அங்கே போன் வேண்டுமென்றால் அடாப்டர் கேட்க வேண்டும்.

ரவுட்டர் பிளக்கில் டேப் ஒட்டி "அணைக்க வேண்டாம்" என்று தமிழில் எழுதுங்கள். படுக்கப் போகும்போது எல்லாச் சுவிட்சையும் அணைப்பது எங்கள் வீட்டுப் பழக்கம். அந்தச் சுவிட்சோடு அலாரமும் போய்விடும்.

கடைசியாகப் பட்டனை அழுத்திப் பாருங்கள். பேட்டரி மட்டும் ஓடும்படி சுவரிலிருக்கும் பிளக்கைக் கழற்றிவிட்டு மறுபடி அழுத்துங்கள். ஆள் கதைக்கும்வரை மாற்றம் முடியவில்லை.

"பிள்ளைகள் என்ன செய்தார்கள்?" என்று ஒருவர் எழுதியிருந்தார். மகள் இரவு வேலைக்குப் போகிறார். கடிதம் ஆங்கிலத்தில் வந்தது. நீங்கள் உதவி தேவைப்படுபவரா என்று கம்பனி போனில் கேட்டால் எங்கள் அம்மம்மாக்கள் என்ன சொல்வார்கள் என்று நினைக்கிறீர்கள்? "எனக்கொரு குறையுமில்லை" என்பார்கள். மானத்தோடு வாழ்ந்தவர்கள் வேறென்ன சொல்வார்கள்? அந்தப் பதிலை வைத்துத்தான் அவர்களைச் சாதாரண வாடிக்கையாளர் பட்டியலில் போட்டுவிடுகிறார்கள்.

அந்தக் கேள்விக்கு அவர்களைப் பதில் சொல்ல விடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, அவர்கள் சம்மதத்தோடு நீங்களே கூப்பிட்டுப் பதியுங்கள். மின்சாரக் கம்பனி உதவி தேவைப்படுபவர்களுக்காக வைத்திருக்கும் முன்னுரிமைப் பட்டியலிலும் (Priority Services Register) பெயரைச் சேருங்கள், கரண்ட் போனால் கூப்பிட வேண்டிய 105ஐப் பெரிய எழுத்தில் போனுக்கு மேலே ஒட்டுங்கள். தமிழ் மட்டும் தெரிந்தவர்கள் தனியாக இருக்கும் வீடு ஏதாவது தெரிந்தால் இன்பொக்ஸில் சொல்லுங்கள், நான் போய்ப் பார்க்கிறேன்.