மிச்சிகன் பதினொன்று வெல்லாது, ஒன்பதுதான்

மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் அமெரிக்கக் கால்பந்து அணி 2024 பருவத்தில் பதினோரு ஆட்டங்களை வெல்லும் என்று பருவத்துக்கு முந்தைய கட்டுரை ஒன்று கணித்திருக்கிறது. பல ஆண்டு ரசிகனான என் கணக்கு ஒன்பது வெற்றி, மூன்று தோல்வி. 2023 பருவத்தில் 15 ஆட்டங்களையும் வென்று தேசியப் பட்டம் பெற்ற அணியிலிருந்து பயிற்சியாளர் ஜிம் ஹார்பா, குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்) ஜே.ஜே. மெக்கார்த்தி, பந்தைச் சுமந்து ஓடும் பிளேக் கோரம் ஆகியோரோடு, எதிராளிகளைத் தடுத்து வழிவிடும் தாக்குதல் முன்வரிசையின் ஐவரும் விடைபெற்றுவிட்டதைக் கட்டுரை ஒரே வரியில் கடந்துவிடுகிறது. என்னை உறுத்துவது அந்த முன்வரிசைதான். 2023 நவம்பரில் பென் ஸ்டேட் பல்கலைக்கழக அணிக்கு எதிராக, 2024 பருவத்தின் பயிற்சியாளர் ஷெரோன் மூர் தற்காலிகப் பொறுப்பில் இருந்தபோது, இரண்டாம் பாதி முழுவதும் கணக்கில் ஏறிய பாஸ் (முன்னோக்கி எறிதல்) ஒன்றுகூட இல்லாமல், பந்தைச் சுமந்து ஓடியே 24-15 என்று வென்றோம். எதிராளிகளை அடி அடியாகப் பின்னுக்குத் தள்ளிய அந்த ஐவர் இல்லாமல் அத்தகைய துணிச்சல் எங்கிருந்து வரும்?

2024 அணியில் மேசன் கிரஹாமும் கென்னத் கிராண்ட்டும் நடுவில் நிற்கும் தற்காப்பைப் பற்றி எனக்குக் கவலையில்லை. டெக்சாஸ், ஓரிகன் பல்கலைக்கழக அணிகள் இரண்டும் எங்கள் சொந்த ஊரான ஆன் ஆர்பருக்கே வந்தாலும் இரண்டிடமும் தோற்போம், யு.எஸ்.சி.யை (தெற்குக் கலிபோர்னியா பல்கலைக்கழகம்) வெல்வோம். எதிரணியின் ஊரான கொலம்பஸில் ஒஹாயோ ஸ்டேட்டைத் தொடர்ந்து நான்காம் ஆண்டாக வீழ்த்துவோம் என்று எழுதக் கை துடிக்கிறது, மனம்தான் ஒப்பவில்லை. தேசியப் பட்டத்துக்கான இறுதிச்சுற்றான பிளேஆஃப் பன்னிரண்டு அணிகளுக்கு விரிந்திருந்தாலும், ஒன்பது வெற்றிகளோடு அதில் இடம் கேட்க முடியாது.