தன்னந்தனியாவாம்!

நேத்துலேர்ந்து எல்லார் சுவர்லயும் அதே அட்டைதான். "ஆஸ்திரேலிய கால்பந்தைத் தன்னந்தனியாக உருவாக்கியவர் டாம் வில்ஸ்." (நம்ம ஊர் ஃபுட்பால் இல்லைங்க, பந்தைக் கையில் பிடிச்சும் ஓடுற ஆட்டம்.) பார்த்திருப்பீங்க, லைக்கும் போட்டிருப்பீங்க.

1858 ஜூலையில் அவர் மெல்போர்ன் பத்திரிகைக்கு எழுதின கடிதத்தைப் படிச்சாலே போதும். ஃபுட்பால் கிளப் தொடங்கணும், விதி எழுத மூணு பேருக்குக் குறையாத குழு வேணும்னு கேட்கிறார். குழு கேட்டவரே அவர்தாங்க!

1859 மே 17, மெல்போர்னில் பரேட் ஹோட்டல். வில்ஸ், ஹேமர்ஸ்லி, தாம்ப்சன், ஸ்மித்னு பலர் சேர்ந்து எழுதினது பத்தே விதி. இங்கிலாந்தில் ரக்பி பள்ளியில் படிச்ச வில்ஸ் அந்தப் பள்ளி விதிகளையே முன்வைத்தார். அவரைத் தவிர யாருக்கும் புரியலைன்னு ஹேமர்ஸ்லி பின்னாடி எழுதியிருக்கார். முடிவு? எதிராளியை இடறிவிடலாம், தள்ளலாம், ஆனா அவன் முழங்காலுக்குக் கீழே உதைக்கக் கூடாது. உதைபட்ட பந்தை நேரா பிடிச்சு 'மார்க்'னு கத்தினா ஃப்ரீ கிக். தரையில் கிடக்கிற பந்தைக் கையால் தூக்கக் கூடாது, எறியவும் கூடாது.

பிடிச்சவன் எவ்வளவு தூரம் ஓடலாம்? அதைச் சொல்லாம விட்டுட்டாங்க. அடுத்த வருஷம் "உதைக்கத் தேவையான தூரம் மட்டும்"னு சேர்த்தாங்க. வேகக்காரங்க கேப்பாங்களா? கடைசியில் 1866இல்தான் ஐந்தாறு கஜத்துக்கு ஒருமுறை பந்தைத் தரையில் குத்தணும்னு வந்தது. அந்தத் திருத்தத்தை முன்னின்று நடத்தினவர் ஹாரிசன், வில்ஸோட தங்கை புருஷன். 'ஃபுட்பாலின் தந்தை' பட்டம் ரொம்ப காலம் அவர்கிட்டதான் இருந்தது.

"சுருக்கமாச் சொன்னா என்ன குத்தம்?"னு வருவாங்க. சுருக்குங்க, பொய் சொல்லாதீங்க.

"அப்போ பூர்வகுடிகளோட பந்தாட்டமான மார்ன்குரூக்கிலேர்ந்து வந்ததில்லையா?" நியாயமான கேள்வி. வில்ஸ் ஜாப் வுருங்ங்கிற பூர்வகுடி இனத்துப் பிள்ளைகளோட வளர்ந்தவர், அவங்க மொழி பேசினவர். அவங்க பந்தாட்டத்தைப் பார்த்திருக்கலாம். ஆனா அவர் எழுதினதா கிடைக்கிற எதிலும் அதைப் பத்தி ஒரு வரி இல்லை. அடிச்சுச் சொல்றவங்க ரெண்டு பக்கமும் இருக்காங்க. நான் சொல்ல மாட்டேன்.

அட்டையில் 1861 ஏன் இல்லை? குயின்ஸ்லாந்தில் பூர்வகுடிகள் தாக்கினதில் அவர் அப்பாவோட சேர்த்து 19 பேர் கொல்லப்பட்டாங்க. பழிவாங்கலில் செத்த பூர்வகுடிகள் அதைவிட எத்தனையோ மடங்கு. அதே ஆள் 1866 கிறிஸ்துமஸுக்கு மறுநாள் மெல்போர்ன் மைதானத்தில் பூர்வகுடி கிரிக்கெட் அணிக்குத் தலைவர்! அந்த ஆட்டக்காரங்கள்ல பலர் 1868இல் இங்கிலாந்து போனப்போ இவர் கூட இல்லை. அப்புறம் குடி. 1880 மே மாசம், 44 வயசில் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டார். கல்லறைக்குக் கல் வைக்கவே நூறு வருஷம் ஆச்சு.

இவ்வளவு சோகத்தையும் விழுங்கிட்டு ஒரு அட்டை. அதில் இருக்கிற படமும் வில்ஸ் இல்லைங்க, ஹாரிசன்.