கரோலினை ஓரங்கட்டிட்டாங்க

அகதா கிறிஸ்டியோட ‘ரோஜர் ஆக்ராய்டின் கொலை’ 1926-ல வந்த நாவல். இன்னும் படிக்காதவங்க இத்தோட நிறுத்திக்கிட்டு அடுத்த பதிவுக்குப் போயிடுங்க. கொலைகாரன் யாருன்னு இப்பவே போட்டு உடைக்கப்போறேன்.

கதை சொல்ற டாக்டர் ஷெப்பர்டுதான் கொலைகாரர். கிங்ஸ் அபாட்னு ஒரு கிராமம். துப்பறியறதெல்லாம் போதும்னு அங்க பூசணி வளர்க்க வந்த போய்ரோவுக்குப் பக்கத்து வீடு இந்த டாக்டர் வீடு. இதுல அசரவைக்கிற விஷயம், மனுஷன் பொய்னு ஒண்ணு எழுதறதே கிடையாது. கடிதம் எட்டு நாற்பதுக்கு வந்துச்சு, எட்டு ஐம்பதுக்கு நான் கிளம்பினேன், கதவுப்பிடியில கையை வெச்சபடி திரும்பிப் பார்த்து ஏதாவது செய்யாம விட்டுட்டோமான்னு யோசிச்சேன். இவ்வளவுதான் எழுதறார். அந்தப் பத்து நிமிஷத்துல ஆக்ராய்டு கழுத்துல கத்தி இறங்கியாச்சு. முதல் தடவை அந்த வரியை நானும் சாவகாசமா தாண்டித்தான் போனேன்.

இதை எப்படிப் படமா எடுக்கறது? 2000-ல இங்கிலாந்து டிவி சேனல் ஐடிவி எடுத்துச்சு. டேவிட் சூஷே போய்ரோ. 1989-ல ஆரம்பிச்சு 2013 வரைக்கும் எழுபது எபிசோடு நடிச்ச ஆளு, அவரை நான் குறை சொல்லமாட்டேன். ஆனா கொலைகாரனோட டைரியை அவன் பேரைச் சொல்லாம போய்ரோ குரல்லயே வாசிக்க வெச்சுட்டாங்க. ஊரையே திட்டித் தீர்க்கிற டைரி. நாவல்ல அந்தப் பேனா சாதுவா நம்ம பக்கத்துல உட்கார்ந்திருக்கும்; இங்க டாக்டர் பத்தோடு பதினொண்ணா நிக்கிற இன்னொரு முகம். எங்க பெரியாத்தா பட்டாலைத் தூண்ல சாஞ்சு பார்த்துக்கிட்டே இருந்தவங்க, பாதியிலயே “அந்த டாக்டரு ஆளு சரியில்லப்பா, எல்லா எடத்துலயும் முன்னாடி வந்து நிக்கிறாரு”ன்னுட்டாங்க. ஒரு வார்த்தை இங்கிலீஷ் தெரியாது அவங்களுக்கு.

அதைக்கூட மன்னிச்சுடலாம். புத்தகத்துல இருக்கிற வித்தை திரைக்கு அப்படியே வராதுதான். என் கோபம் கரோலின் விஷயத்துல.

கரோலின் டாக்டரோட அக்கா, எட்டு வயசு மூத்தவங்க. வீட்டைவிட்டு நகராமலே ஊர்ச்சேதி அத்தனையும் கையில வெச்சிருப்பாங்க. முதல் அத்தியாயத்துலயே பாருங்க, ஒரு சாவுச் செய்தி டாக்டர் வீடு திரும்புறதுக்குள்ள சமையல்காரி, பால்காரர், வேலைக்காரப் பொண்ணுன்னு கைமாறி இவங்ககிட்ட வந்து சேர்ந்திருக்கும். எங்க ஊர்ல முகப்புல உட்கார்ந்துக்கிட்டே யார் வீட்டுக்கு எந்தச் சம்பந்தம் பேசி வந்திருக்காங்கன்னு சொல்ற ஆச்சிமாரைத் தெரிஞ்சவங்களுக்குக் கரோலினைத் தனியா அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. கிறிஸ்டியோட இன்னொரு துப்பறியும் பாட்டி மிஸ் மார்ப்பிளுக்கு விதையே இவங்களா இருக்கலாம்னு கிறிஸ்டியே சொல்லியிருக்காங்க.

ஒரு ஷூ என்ன நிறம்னு கண்டுபிடிச்சுச் சொல்லுங்கன்னு போய்ரோ இவங்ககிட்டதான் கேட்பார். இவங்களும் குஷியா விசாரிச்சுச் சொல்வாங்க. விசாரணை போய் முடியற இடம் கூடப்பிறந்த தம்பி! ஊர்ல அத்தனையும் தெரிஞ்ச மனுஷிக்குத் தன் வீட்டுக்குள்ள நடந்தது மட்டும் தெரியாது. அது கடைசிவரைக்கும் தெரிய வேண்டாம்னுதான் போய்ரோ டாக்டருக்கு ஒரு வழி விடறார்: எழுதி முடி, தூக்க மருந்தைச் சாப்பிடு. டாக்டரும் சம்மதிக்கிறார். நாவலோட கனமே இங்கதான் இருக்கு.

டிவில? கெமிக்கல் ஃபாக்டரிக்குள்ள துரத்தல், துப்பாக்கிச் சத்தம், டுமீல். போதாக்குறைக்கு பட்லர் பார்க்கரை வேற டாக்டர் காரேத்திக் கொல்றார், நாவல்ல இல்லவே இல்லாத கொலை.

இது கரோலினுக்குப் புதுசும் இல்ல. 1928-ல ‘அலிபை’னு லண்டன்ல நாடகமா போட்டப்ப இந்த அக்காவைத் தூக்கிட்டு ஒரு இளம்பொண்ணை வெச்சாங்க. கிறிஸ்டிக்கு அதுல ரொம்ப வருத்தம். வயசான பொம்பளை காபி கொண்டு வர மட்டும்தான்னு நினைக்கிற புத்தி அந்த ஊர்லயும் இருந்திருக்கு.

2018-ல ஜப்பான்காரங்க ஃபுஜி டிவிக்கு இதே கதையைத் தங்களோட கிராமத்துக்குக் கொண்டுபோய் எடுத்தாங்க. அப்ப நாம ஏன் எடுக்கக்கூடாது? செட்டிநாட்டு வீடு மாதிரி ஒரு கொலைக்களம் கிடைக்குமா? எத்தனை சினிமா யூனிட் வந்து போகுது, பஞ்சாயத்து சீனும் கல்யாணப் பாட்டும் எடுத்துட்டுக் கிளம்பிடறாங்க. ஒரே ஒரு சிக்கல்: நாவல்ல கொலைகாரன் ஜன்னல் வழியா மறுபடி உள்ளே ஏறி அறைக்கதவை உள்பக்கமா பூட்டுவான். நம்ம ஜன்னல்ல இரும்புக்கம்பி, பூனைதான் நுழையும். ஆனா வளவு, அதாவது நடு முற்றம், அதைத் தாண்டினா ரெண்டாங்கட்டு, அதையும் தாண்டினா பின்வாசல், அது திறக்கிறது அடுத்த தெருவுல. முன்வாசல்ல எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டுக் கிளம்பின ஆள் பின்தெரு வழியா திரும்பி வர்றதுக்கு என்ன கஷ்டம்? பூட்டுக்கு மட்டும் திரைக்கதை எழுதறவர் வேற வழி யோசிக்கணும்.

டாக்டரா யாரை வேணா போட்டுக்கங்க. அக்கா வேஷத்துக்கு என் ஓட்டு ஊர்வசிக்கு. வேற பேர் தோணினா கமெண்ட்ல போடுங்க, சண்டைக்குத் தயாரா இருக்கேன்.