மூன்று வீட்டுச் சராசரி போதாது

தெருவில் கடைசியாக விற்ற மூன்று வீடுகளின் சராசரிதான் நம் டெரஸ் வீட்டின் (சுவரோடு சுவர் ஒட்டி வரிசையாகக் கட்டிய வீடு) விலை என்று வீட்டு விலையைக் கணிப்பது பற்றிய ஒரு கட்டுரை சொல்வதை ஏற்க முடியவில்லை. இங்கிலாந்து, வேல்ஸில் 1995 முதலான விற்பனை விலைகளை லேண்ட் ரெஜிஸ்ட்ரி எனும் அரசின் சொத்துப் பதிவுத்துறை இலவசமாகவே தருகிறது, சரி. ஆனால் வரிசையின் ஓரத்து வீடும் நடு வீடும் அதில் ஒரே வகைதான். பரப்பளவும் இருக்காது. அதற்கு ஈபிசி எனும் எரிசக்திச் சான்றிதழைத் திறந்து சதுர மீட்டரைப் பாருங்கள். பக்கத்து வீட்டின் பழைய சான்றிதழில் 78, புதியதில் 96 என்றிருந்தால், பெரும்பாலும் மாடியறையோ பின்கட்டோ கட்டியிருப்பார்கள். அந்த வீடு விற்ற விலையை அப்படியே நம் வீட்டுக்குப் போடுவது தப்பு. அப்புறம், பழைய விற்பனை விலையை அந்தப் பகுதியின் டெரஸ் வீட்டு விலைக் குறியீட்டை வைத்து இன்றைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும். ஃப்ரீஹோல்டா (நிலமும் சேர்ந்து சொந்தம்) லீஸ்ஹோல்டா (குறிப்பிட்ட காலக் குத்தகை உரிமை) என்று பார்க்காமல் ஒப்பிடவே கூடாது.