கான்கிரீட் தொட்டியும் மிதக்கும்

"கான்கிரீட் இறுகியதும் பம்பை நிறுத்திடலாம், அவ்வளவு கனத்தைத் தண்ணி தூக்காது" என்று, குளம் கட்டும் குழியில் ஊறும் நிலத்தடி நீரை இறைக்கும் பம்பைப் பற்றி ஓர் அண்ணன் எழுதியிருக்கிறார். தயவுசெய்து நம்பாதீர்கள். வெளியளவில் 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 1.5 மீட்டர் ஆழமுள்ள குளத்தைச் சுற்றி நிலத்தடி நீர் விளிம்புவரை ஏறினால், 48 டன் அளவுக்கு மேலே தள்ளும். 20 சென்டிமீட்டர் தடிமனுள்ள வெறும் தொட்டியோ ஏறக்குறைய 30 டன்தான்! நம்ம சிங்கப்பூர் டிசம்பர் மழையில் நீர்மட்டம் மளமளவென்று உயரும். குளத்தை நிரப்பும்வரை பம்பு ஓடட்டும். அடியில் ஜல்லிப் படுகையும் அழுத்தம் விடுவிக்கும் வால்வும் வையுங்கள். பின்னாளில் காலி செய்யும்போதும் அதே ஆபத்து உண்டு.

காலாங் பக்கம்போல் கடற்களிமண் உள்ள இடமென்றால், கண்டபடி இறைக்கவும் கூடாது. நீர் வடிந்தால் களிமண் அமுங்கி அண்டை வீட்டுச் சுவர் வெடிக்கலாம். முதலில் பொறியாளரிடம் காட்டுங்கள்.