வாட் மட்டும் பார்த்து வாங்காதீர்கள்

ஜீப் குழுவுக்கு 5 வாட் வாக்கி டாக்கிதான் சரி என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். உரிமம் பற்றி ஒரு வரிகூட இல்லையே? இந்தியாவில் உரிமம் இல்லாமல் பேச 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை அலைவரிசை உண்டு, ஆனால் அதில் அரை வாட் வரைதான் அனுமதி. ஆன்லைனில் மலிவாக வரும் 5 வாட் செட்டுகள் பெரும்பாலும் இதற்கு வெளியேயும் பேசும். அதற்கு உரிமம் வேண்டும்.

ஜெய்சல்மேர் மணல்மேடுகளில் நாங்கள் நாலு வண்டி போனோம். அரை வாட்டே போதுமானதாக இருந்தது. மேட்டுக்கு அந்தப் பக்கம் இறங்கிய வண்டி மட்டும் கரகரவென்று கேட்கும். பெட்டியில் போட்டிருக்கும் கிலோமீட்டர் கணக்கெல்லாம் வெட்டவெளிக்குத்தான். வண்டிக்குள் தகரக்கூடு வேறு. செட்டை ஜன்னலோரம் பிடித்தால் கொஞ்சம் தெளியும்.

எங்கள் காலை வாரியது, பேசும்போது அழுத்திப் பிடிக்கும் பொத்தான்தான். மேடு ஏறும்போது முன்வண்டிக்காரர் "நிறுத்தாதே" என்றார். விரலைச் சீக்கிரம் எடுத்துவிட்டார் போல, எனக்குக் கேட்டது "நிறுத்". பிரேக்கை மிதித்தேன். அப்புறம் ஒரு மணி நேரம் மண்வெட்டி வேலை. இப்போதெல்லாம் "போ, போ" என்றுதான் சொல்கிறோம், அதுவும் சொல்லி முடித்து ஒரு நொடி கழித்துத்தான் பொத்தானிலிருந்து விரலை எடுக்கிறோம்.